தகரப்பெட்டியில் கிடக்கும் பத்திரங்கள்: மண்சரிவுக்கு முன்னும் பின்னும்

பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் (வரிசை வீட்டில்) இருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "2025 நவம்பரில் டித்வா புயல் நேரம் இராவோடு இராவாகப் பாடசாலைக்கு ஓடினோம். அம்மாவின் தகரப்பெட்டி வீட்டிலேயே நின்றுவிட்டது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் பெட்டிக்குள் தண்ணீர். பிறப்புச் சான்றிதழ், அப்பாவின் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காகிதம், தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரம் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. பாதிதான் தேறியது. இனி எல்லாவற்றையும் லெமினேட் பண்ணிவிடலாமா? நல்ல இரும்புப் பெட்டி ஒன்று வாங்கலாமா? போனில் படம் எடுத்து வைத்தால் போதுமா?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தங்கச்சி. லெமினேட் வேண்டாம். இரும்புப் பெட்டி வேண்டவே வேண்டாம். போனில் படம் எடுங்கள், ஆனால் அது மட்டும் போதாது. இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு அப்பியாசக் கொப்பியும் ஒரு போல்பொயின்ட் பேனாவும் இருந்தால் போதும்.

நான் பிரதேச செயலகம் ஒன்றில் பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுப் பிரிவில் 27 வருடம் வேலை செய்தவன். இப்போது ஓய்வு. ஜே.பி. (சமாதான நீதவான்) என்பதால் வாரத்தில் நாலு பேராவது காகிதக் கட்டோடு வாசலில் நிற்பார்கள். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

பத்திரத்தைப் பாதுகாப்பது பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுவதெல்லாம் வெள்ளத்தை நினைத்துச் சொல்லப்படுவது. களனி கங்கைக் கரையில் இருப்பவருக்குத் தண்ணீர் அடி அடியாக ஏறும். பெட்டியைத் தூக்கி அலுமாரி மேல் வைக்க நேரம் இருக்கும். நமக்கு வருவது மண். 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போயின. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலையே இறங்கி வந்தது. அந்த இடங்களில் தண்ணீர் புகாத பெட்டியும் தீப்பிடிக்காத பெட்டியும் என்ன செய்திருக்கும்? பல அடி மண்ணுக்குக் கீழே பத்திரமாக இருந்திருக்கும், அவ்வளவுதான். கனமான பெட்டிக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. ஓடும்போது அதைத் தூக்க முடியாது. தூக்க முயல்கிறவர் பிந்திவிடுவார். ஆகவே மலையில் இருப்பவர் கேட்க வேண்டியது பெட்டி எவ்வளவு உறுதி என்பதை அல்ல. வீடு முழுக்கப் போனாலும் இந்தக் காகிதத்தின் விபரம் வேறு எங்கே இருக்கிறது என்பதைத்தான்.

இங்கே ஒரு விஷயத்தை விளங்கிக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். உங்கள் கையில் இருக்கும் பிறப்புச் சான்றிதழ் மூலப் பத்திரம் அல்ல. மூலம் பதிவேட்டில் இருக்கிறது. உங்களிடம் இருப்பது அதிலிருந்து எடுத்துக் கொடுத்த பிரதி. அது கிழிந்தால், நனைந்தால், மண்ணுக்குள் போனால் இன்னொரு பிரதி எடுக்கலாம். பத்துத் தடவை வேண்டுமானாலும் எடுக்கலாம். பத்தாவது பிரதிக்கும் முதல் பிரதிக்கு உள்ள அதே மதிப்புத்தான். விவாகச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும் இப்படித்தான்.

ஆனால் அந்தப் பதிவைக் கண்டுபிடிக்க வேண்டுமே! ஒரு முறை வயதான அம்மா ஒருவர் வந்தார். எப்போது பிறந்தீர்கள் என்று கேட்டேன். "பெரிய துரை மாறிப்போன வருஷம், ஆடி மாதம், நல்ல மழை" என்றார். எந்தத் தோட்டம் என்றால், தோட்டத்தின் தமிழ்ப் பெயரைச் சொன்னார். பதிவேட்டில் இருப்பதோ இங்கிலீஷ் பெயர். உங்களுக்கே தெரியும், நம் தோட்டங்களில் பாதிக்கு நாம் கூப்பிடும் பெயர் ஒன்று, போர்டில் இருக்கும் பெயர் இன்னொன்று. அந்த அம்மாவின் பெயரும் அவர் சொல்கிற மாதிரி எழுதப்படவில்லை. எழுதியவருக்கு எப்படிக் கேட்டதோ அப்படி எழுதியிருந்தார். மூன்று நாள் தேடினோம். கிடைத்தது. எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

அதே நேரம் இன்னொரு பையன் வந்தான். ஒரு துண்டுக் காகிதத்தில் பதிவு இலக்கம், பதிவு செய்த திகதி, பதிவாளர் பிரிவு மூன்றையும் எழுதிக்கொண்டு வந்திருந்தான். அன்று பகலுக்குள் பிரதியோடு பஸ் ஏறிவிட்டான். இலக்கமும் திகதியும் தெரிந்தால் தேடுதல் கட்டணமும் மிச்சம். இப்போது பெரும்பாலான பதிவுகள் கணினியில் ஏறியிருப்பதால் பிறந்த இடத்துப் பிரதேச செயலகத்துக்கே போக வேண்டும் என்பதும் இல்லை. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை அங்கேயே எடுக்கலாம். அதற்கும் அந்த மூன்று விபரமும் வேண்டும்.

அப்பியாசக் கொப்பி இதற்குத்தான். வீட்டில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பிறப்புச் சான்றிதழில் பதிவு இலக்கம், திகதி, பிரிவு, மாவட்டம். அடையாள அட்டை இலக்கம். விவாகப் பதிவு இலக்கமும் பதிவாளர் பிரிவும். ஈ.பி.எப். அங்கத்தவர் இலக்கத்தோடு தொழில்தருநர் இலக்கத்தையும் எழுத வேண்டும். ஒன்றில்லாமல் மற்றதை வைத்துத் தேடுவது பெரும்பாடு. வங்கிக் கணக்கு இலக்கம், எந்தக் கிளை. சாதாரண தரம், உயர்தரம் எழுதியவர்களுக்குச் சுட்டெண்ணும் வருடமும். பரீட்சைத் திணைக்களத்தில் சான்றிதழின் பிரதி எடுக்க அது இருந்தால் சுகம். பாஸ்போட் இலக்கம். காணி இருந்தால் அதைப் பற்றித் தனியாகக் கீழே சொல்கிறேன்.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். பத்திரத்தில் பெயர் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். "ராமாயி"யை "ரமாய்" என்று எழுதியிருந்தால் நீங்களும் "ரமாய்" என்றே எழுத வேண்டும். சரியான பெயரை எழுதினால் பிழையான பெயரில் இருக்கும் பதிவு கிடைக்காது. பிழையைத் திருத்துவது வேறு வேலை. அதற்குச் சத்தியக் கடதாசி, விண்ணப்பம் என்று தனி வழி இருக்கிறது. மழைக்காலத்துக்கு முன் அதையும் முடித்துவிடுவது நல்லது. ஈ.பி.எப். பணம் எடுக்கப் போகும் அப்பாக்களை அலைக்கழிப்பது பெரும்பாலும் இந்தப் பெயர் விவகாரம்தான். அடையாள அட்டையில் ஒன்று, செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில்) ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும்.

கொப்பியை எழுதி முடித்ததும் அதை அப்படியே பார்த்து இன்னொரு கொப்பி எழுதி, வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரரிடம் கொடுங்கள். பக்கத்து லயத்து நாத்தனார் வேறு ஊர் ஆகமாட்டார். ஒரே மலையின் மேல் டிவிசனும் கீழ் டிவிசனும்கூட வேறு ஊர் இல்லை. மேலே சரிந்தால் கீழே வந்துதான் நிற்கும். டவுனில் கடையில் நிற்கும் தம்பி, கொழும்பில் இருக்கும் அண்ணன், மாத்தளையில் கட்டிக் கொடுத்த அக்கா, அந்த மாதிரி ஆள் வேண்டும். கொப்பியோடு ஒவ்வொருவருக்கும் பிறப்புச் சான்றிதழில் ஒரு கூடுதல் பிரதியும் எடுத்து அங்கேயே வைத்துவிட்டால் மிச்சக் கவலையும் விட்டது.

சரி, பதிவேட்டில் இருப்பது திரும்பக் கிடைக்கும். கிடைக்காதது எது? நம் வீட்டுப் பெட்டிகளில்தான் அது அதிகம். உங்கள் தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரத்தை நினைத்துத்தான் இந்தப் பதிலையே எழுத உட்கார்ந்தேன்.

1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான நம் ஆட்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துச் சிலர் பத்திரம் பெற்றார்கள். 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று பங்கு போட்டது. மீதி 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அப்புறம் 1986இலும் 1988இலும் சட்டங்கள் வந்தன, கடைசியாக 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம். அந்தக் கடைசிச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 1964 அக்டோபர் 30இல் இருந்து இங்கே நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளி ஆளும், அவருடைய வழித்தோன்றல்களும் பிரஜைகள் என்கிறது. அப்படியானால் அந்தத் திகதிக்கு முன்னால் உங்கள் குடும்பம் இங்கே இருந்ததைக் காட்டும் எந்தக் காகிதமும் பெறுமதியானது. பிரஜாவுரிமைப் பத்திரம் மட்டும் இல்லை. பழைய தோட்டத்துக் கடிதம், அரிசிக் கூப்பன், பாட்டியின் பிறப்புப் பதிவு, பழைய பாஸ்போட், பாடசாலையில் சேர்த்த காகிதம் எதையும் வீசாதீர்கள். இன்றைக்கு யாரும் கேட்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் இவற்றில் பலவற்றுக்கு வேறெங்கும் பதிவேடு கிடையாது.

நம் ஆட்களுக்குக் காகிதத்தின் அருமையை யாரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. கடன் தீர்த்தால்தான் தோட்டத்தை விட்டுப் போகலாம் என்று ஒரு 'துண்டு' கொடுத்து ஆட்களைக் கட்டிவைத்திருந்த முறை 1921இல்தான் சட்டத்தால் நீங்கியது. அந்தத் துண்டின் நினைவோ என்னவோ, எங்கள் பாட்டி மளிகைக்கடைப் பற்றுச்சீட்டைக்கூடத் தலையணை உறைக்குள் வைத்திருப்பார்.

இன்னும் சில காகிதங்கள் இப்படியே. அடகுச் சீட்டு. நகை வங்கியில் பத்திரமாக இருக்கும், சீட்டு தொலைந்தால் அலைச்சல் உங்களுக்கு. சீட்டு இலக்கத்தைக் கொப்பியில் எழுதுங்கள். அப்பாவின் சம்பளத் துண்டுகள், சேவைக்காலத்தைக் காட்டும் தோட்டத்துக் கடிதங்கள், ஈ.பி.எப். பி அட்டை என்பவை பணிக்கொடை கணக்குப் பார்க்கும்போது பேசும். தோட்ட ஒபிஸிலும் செக்ரோல் இருக்கும்தான். ஆனால் மழை உங்கள் லயத்துக்கு மட்டுமா பெய்கிறது? நிர்வாகமும் மாறிக்கொண்டே இருக்கிறது.

காணி உறுதியைப் பார்ப்போம். புதுவீட்டுத் திட்டத்தில் ஏழு பேர்ச்சஸ் காணி கிடைத்தவர்களும், டவுன் பக்கம் சொந்தமாக வாங்கியவர்களும் இதைக் கவனியுங்கள். நொத்தாரிசு எழுதிய உறுதியில் ஒன்று உங்கள் கைக்கு வருகிறது, இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகிறது, இன்னொன்றை நொத்தாரிசு தன்னிடம் வைத்துக்கொள்கிறார். நுவரெலியா, பதுளை, கண்டி என்று காணி எந்தப் பதிவகத்தில் பதிவாகியிருக்கிறதோ அங்கே உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். கொப்பியில் எழுத வேண்டியவை உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், பதிவகத்தில் பதிந்த இலக்கம், நில அளவைப் படத்தின் இலக்கம், அளந்தவர் பெயர். அரசாங்க அனுமதிப் பத்திரமோ அளிப்புப் பத்திரமோ என்றால் விபரம் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் இருக்கும்.

உறுதியே இல்லாத லயத்து ஆட்களுக்கு இது இன்னும் சிக்கல். வீடு போனால், இங்கேதான் இருந்தேன் என்று காட்டினால்தானே மாற்று வீட்டுப் பட்டியலில் பெயர் வரும்? தனி விலாசம்கூட இல்லாமல் தோட்ட ஒபிஸுக்குக் கடிதம் வரும் இடம் நம்முடையது. அதனால் வாக்காளர் இடாப்பில் குடும்பத்தின் பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு வருடமும் ஜீ.எஸ்.ஸிடம் (கிராம சேவகரிடம்) பாருங்கள். மின்சாரப் பட்டியல் உங்கள் பெயரில் வந்தால் இரண்டொன்றை எடுத்து வையுங்கள். காம்பிராவின் (லயத்து வீட்டின்) வாசல், லயத்து இலக்கம், பின்னால் தெரியும் மலை, மூன்றும் ஒன்றாக விழும்படி ஒரு படம் எடுங்கள். சின்ன விஷயம்தான். கணக்கெடுக்க வரும் உத்தியோகத்தரிடம் "அந்த மண்ணுக்குக் கீழே எங்கள் வீடு" என்று கையை நீட்டிக் காட்டுவதை விட அது எவ்வளவோ மேல்.

லெமினேட் ஏன் வேண்டாம் என்கிறேன்? நானே சூடு பட்டவன். என் அம்மாவின் விவாகச் சான்றிதழ் மடிப்பில் கிழிய ஆரம்பித்தது. நாலு மடிப்பும் சேரும் நடுவில் ஓட்டை விழுந்து, அதில் அம்மா சோற்றுப் பருக்கையால் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார். டவுனில் ஒரு கடையில் லெமினேட் பண்ணக் கொடுத்தேன். சூடு கூடிப்போய் முத்திரையின் மை பரவி, கையெழுத்து இருந்த இடத்தில் ஒரு காற்றுக் குமிழ். அதைக் கொண்டுபோன அலுவலகத்தில், பிளாஸ்டிக்குக்குள் இருப்பதைச் சரிபார்க்க முடியாது, பின்பக்கம் குறிப்பு எழுதவும் முடியாது என்று திருப்பிவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நானும் அதே வேலையைச் செய்தவன், அவர்கள் சொன்னது சரிதான். ஒரு முறை ஒட்டினால் திரும்பப் பிரிக்க முடியாது, பிரித்தால் காகிதமும் சேர்ந்து வரும். ஓரத்தில் மயிரிழை இடைவெளி விட்டாலும் ஈரம் உள்ளே போய் அங்கேயே இருந்து பூஞ்சணம் பிடிக்கும். வங்கி மெஷினில் வரும் சூட்டுக் காகிதத் துண்டு என்றால் லெமினேட் மெஷினில் கறுத்தே போகும். அதைப் போட்டோக் கொப்பி எடுத்து வைத்துக்கொள்வதுதான் வழி.

இரும்புப் பெட்டிக்குப் பதில் என்ன? தோளில் மாட்டும் ஒரு பை. பிள்ளையின் பழைய பாடசாலைப் பையே போதும். உள்ளே மூடி இறுக்கமான சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, பத்திரம் மடியாமல் படுக்கும் அளவுக்கு. பத்திரங்களை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, எல்லாவற்றையும் ஜிப் வைத்த பொலித்தீன் பைகள் இரண்டுக்குள், ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, அப்புறம் பெட்டிக்குள். மூடுவதற்கு நல்ல வெயில் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பனி மூடிய நாளில் அடைத்தால் பனியையும் சேர்த்து அடைக்கிறீர்கள். சப்பாத்துப் பெட்டியில் வரும், ஈரம் உறிஞ்சும் சின்ன வெள்ளைப் பொட்டலம் இருந்தால் இரண்டை உள்ளே போடுங்கள். வருடத்தில் இரண்டு முறை, மே மழைக்கு முன்னும் அக்டோபர் மழைக்கு முன்னும், திறந்து காற்றுக் காட்டுங்கள். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்துக்கு முதலாவது முக்கியம், உங்கள் பதுளைப் பக்கத்துக்கு இரண்டாவது.

அடுப்புக்கு மேல் பரணில் வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பூஞ்சணம் வராது, பூச்சி வராது, உண்மை. ஆனால் புகையும் சூடும் பட்டுக் காகிதம் அப்பளம் மாதிரி நொறுங்கும். பை வாசலுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும், பத்து வயதுப் பிள்ளைக்கும், அது எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். பெரியவர்கள் கொழுந்துக்குப் போயிருக்கும் நேரத்திலும் மலை சரியலாம்.

பையை எப்போது தோளில் போடுவது? மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டங்களைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடையாளம் கண்டிருக்கிறது. பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி எல்லாம் அதில் வரும். அவர்கள் மழையைப் பார்த்துத்தான் எச்சரிக்கை விடுகிறார்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 என்றாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 என்றாலோ உடனே இடத்தை விட்டுப் போக வேண்டும். இந்தக் கணக்கை வீட்டிலேயே பார்க்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமான, நேர்ச்சுவர் உள்ள வெறும் டின் ஒன்றை மரநிழலும் கூரைத் தண்ணீரும் படாத இடத்தில் வையுங்கள். அடிமட்டத்தை விட்டுப் பாருங்கள். ஏழரை சென்டிமீற்றர் தண்ணீர் நின்றால் அதுதான் 75 மில்லிமீற்றர். நிலத்தில் புது வெடிப்பு, திடீரென்று ஊற்று பீறிடுவது, ஓடைத் தண்ணீர் கலங்குவது, கதவு சட்டத்தில் இறுகுவது, மரம் சாய்வது இவற்றைக் கண்டால் டின்னைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. பை கைக்கு எட்டினால் எடுங்கள். எட்டாவிட்டால் விட்டுவிடுங்கள். கொப்பி அக்கா வீட்டில் இருக்கிறது, அல்லவா?

போன் படம் பற்றிக் கேட்டீர்கள். பகல் வெளிச்சத்தில், வாசற்படியில் பத்திரத்தை விரித்து, பிளாஷ் இல்லாமல், நாலு மூலையும் தெரிய எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், குறிப்புகள் அங்கேதான் இருக்கும். போனிலேயே வைத்திருந்தால் போனோடு போய்விடும். உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு தடவை அனுப்புங்கள், கொப்பி வைத்திருக்கும் சொந்தக்காரருக்கும் அனுப்புங்கள். குடும்ப வட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம். மாமாவின் மச்சானின் நண்பன் வரை அதில் இருப்பான். அடையாள அட்டைப் படம் ஒன்றை வைத்துக்கொண்டு அடுத்தவர் பெயரில் சிம் எடுக்கவும் கடன் எடுக்கவும் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். படம் சட்டப்படி பத்திரம் ஆகாது. ஆனால் இலக்கம் தெரிய அது போதும், புதுப் பிரதிக்கு இலக்கம்தான் வழி.

இப்போது உங்களிடம் ஒட்டிக் கிடக்கும் காகிதக் கட்டுக்கு வருகிறேன். இதுவரை எதைப் பிரித்தீர்களோ தெரியாது. ஈரத்தோடு ஒட்டியதைக் கையால் இழுத்துப் பிரிக்கக் கூடாது. கட்டாகவே ஒரு தட்டில் வையுங்கள். மேல் தாளின் மேல் சுத்தமான பொலித்தீன் தாள் ஒன்றை விரித்து, உள்ளங்கையால் மெதுவாகத் தடவுங்கள். ஈரத் தாள் பொலித்தீனோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு மூலையிலிருந்து பொலித்தீனைத் தூக்கினால் தாளும் கூடவே வரும். அதைக் கவிழ்த்து வெள்ளைத் துணியில் போட்டு, பொலித்தீனை உரித்துவிடுங்கள். நான் இதை முகாமாக இருந்த ஒரு பாடசாலையில், ஐந்தாம் வகுப்பு மேசைகளைச் சேர்த்துப் போட்டுச் செய்தேன். முதல் தாளுக்குக் கால் மணித்தியாலம் பிடித்தது, பத்தாவது தாளுக்கு ஒரு நிமிஷம். பக்கத்தில் நின்ற ஒரு அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டே பார்த்தார். அவருடைய மகளின் உயர்தரச் சான்றிதழ் ஆறாவது தாள்.

போட்டோக் கொப்பி மை தண்ணீருக்கு அசையாது. போல்பொயின்டும் அனேகமாகத் தாங்கும். ஊற்றுப் பேனா, இறப்பர் முத்திரை, வீட்டு இன்க் பிரின்டர் மூன்றும் கரையும். அவை இருக்கும் தாளைத் தண்ணீரில் அலசக் கூடாது. மற்றதில் சேறு இருந்தால் சுத்தமான தண்ணீரைத் தட்டில் விட்டு மெல்ல ஆட்டி எடுக்கலாம். வெயிலில் நேராகப் போடாதீர்கள், அடுப்பருகே கொண்டுபோகாதீர்கள். சுருண்டு வெடிக்கும். காற்றோட்டமான அறையில், மேலும் கீழும் எழுதாத வெள்ளைத் தாள் வைத்து, ஈரமானதும் தாளை மாற்றிக்கொண்டே இருங்கள். பத்திரிகைத் தாளின் மை ஒட்டும், நேராகத் தொட விடாதீர்கள். முக்கால்வாசி காய்ந்ததும் கனமான புத்தகத்துக்குக் கீழே வைத்தால் நிமிர்ந்துவிடும். நனைந்து இரண்டு நாளுக்குள் இதைச் செய்ய வேண்டும், அதற்கு மேல் போனால் பூஞ்சணம். நம் ஊரில் மழைக் காலத்தில் இரண்டு நாளில் துணியே காயாதே என்றால், ஜிப் பையில் போட்டுத் தெரிந்த கோழிக்கடை பிரீசரில் வைக்கச் சொல்லுங்கள். உறைந்துவிட்டால் பூஞ்சணம் நிற்கும், வெயில் வந்த பின் எடுத்து ஆறுதலாகக் காயவிடலாம். கடைக்காரர் சிரிப்பார், பரவாயில்லை. பூஞ்சணம் ஏற்கனவே பிடித்திருந்தால் வெளியில் வைத்து, மூக்கை மூடிக்கொண்டு, காய்ந்த பிறகு மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். தாத்தாவின் பத்திரம் எழுத்து மங்கியிருந்தாலும் வீச வேண்டாம். இலக்கமும் முத்திரையும் தெரியும் வரை அதற்கு உயிர் இருக்கிறது. பிரஜாவுரிமை விஷயத்தைப் பார்ப்பது குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். அங்கே விசாரிக்கப் போகும்போது அந்த இலக்கம் கையில் இருக்கட்டும்.

தொலைந்தே போனவற்றை எந்த ஒழுங்கில் எடுப்பது? முதலில் பொலிஸ் முறைப்பாடு. தொலைந்த எல்லாவற்றையும் ஒரே முறைப்பாட்டில், ஆள் ஆளாகச் சொல்லுங்கள். முறைப்பாட்டுப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் பிறப்புச் சான்றிதழ். அது கிடைத்ததும் ஜீ.எஸ். மூலம் அடையாள அட்டை விண்ணப்பம், அதோடு முறைப்பாட்டுப் பிரதி. அடையாள அட்டை கிடைத்த பிறகுதான் வங்கி, ஈ.பி.எப்., பாஸ்போட். பலர் முதலில் வங்கிக்கு ஓடி அலைந்து களைத்துப்போகிறார்கள். அனர்த்தத்துக்குப் பிறகு நடமாடும் சேவை வைத்தால் தவறவிடாதீர்கள். பல திணைக்களங்களும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும். எங்கே எப்போது என்று ஜீ.எஸ்.ஸிடமோ அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்திலோ கேட்கலாம்.

கடைசியாகப் பூட்டு. நான் சொன்ன அந்தப் பாடசாலை முகாமுக்கு ஒரு அக்கா தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இருட்டில் இறங்கி வந்தார். பெட்டியில் பெரிய பித்தளைப் பூட்டு. சாவி வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது, அந்தச் சுவரே விடிவதற்குள் இல்லை. மூன்றாம் நாள் ஒருவர் கவ்வாத்துக் கத்தியைக் கொண்டுவந்து தாழ்ப்பாளை நெம்பித்தான் திறந்தார். உங்கள் பைக்கு ஜிப் போதும், பூட்டுப் போட வேண்டாம்.